ஏலியின் செவி: குரல் கேட்கும் இளைஞரும் நம் பிரசங்க மேடையும்

வாலிபர் ஞாயிறு வந்தால் 1 சாமுவேல் 3ஆம் அதிகாரம் நம் பிரசங்க மேடைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. இரவில் ஒலித்த குரல், சிறுவனின் கீழ்ப்படிதல், ஊழிய அழைப்பு என்னும் மூன்று படிகளில் அருளுரை அமைந்துவிடும். இவ்விளக்கம் பொய்யன்று, ஆனால் குறையுடையது. குரலைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அதைக் கேட்டவன் எவரிடம் ஓடினான், அவர் அவனை எவ்வாறு நடத்தினார் என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. இக்குறையால் துன்புறுவோர் நம் சபைகளிலேயே உண்டு. மற்றவருக்குக் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்கின்றன என்று அஞ்சி, யாரிடம் சொல்வதென அறியாமல் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே அவர்கள்.

மூலத்தைக் கவனிப்போம். சாமுவேலைக் குறிக்கும் 'நாஅர்' என்னும் எபிரேயச் சொல் குழந்தை முதல் வாலிபன் வரை எவரையும் சுட்டக்கூடும். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அவனுக்கு அப்போது 12 வயது என்கிறார். குரல் கேட்ட மூன்று முறையும் அவன் ஒரு மனிதரிடமே ஓடினான். ஏலிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எனினும் அவர் சினக்கவில்லை, ஏளனம் செய்யவில்லை, ஆவி பிடித்தது என்று அலறவுமில்லை. தாம் கூப்பிடவில்லை என்னும் உண்மையை மட்டும் சொன்னார். மூன்றாம் முறைக்குப் பின்னரே ஒரு முடிவுக்கு வந்தார். விடிந்தபின் ஒன்றையும் மறைக்க வேண்டாமென்று கேட்டார். செய்தி தம் குடும்பத்துக்கே எதிராக இருந்தும் அதைச் சொன்னவனைத் தண்டிக்கவில்லை. தம் மக்களை அடக்கத் தவறிய ஏலி, இந்த ஓர் இரவில் ஆயர்களுக்கு நல்ல மாதிரியாகிறார்.

இப்பகுதியை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கலாகாது என்பதும் உண்மை. சாமுவேல் நோயுற்றிருந்தான் என்று திருமறை கூறவில்லை. ஆல்பர்ட் சுவைட்சர் 1913இல் வெளியிட்ட தம் மருத்துவப் பட்ட ஆய்வில், இயேசுவை மனநோயாளி எனத் தீர்த்த சில எழுத்தாளர்களின் முடிவுகளை மறுத்தார். அவ்வாய்வு தரும் எச்சரிக்கை இருபுறமும் கருக்குள்ள பட்டயம் போன்றது. ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு நோய் என்று தீர்ப்பிடலாகாது எனின், அதே அறிகுறியை மட்டும் கொண்டு அழைப்பு என்றோ பிசாசு என்றோ தீர்ப்பிடவும் நமக்கு உரிமையில்லை. துயரத்தின் மிகுதியிலும், கடுமையான மனச்சோர்விலும், உறக்கமின்மையிலும், கஞ்சா முதலிய போதையாலும் குரல்கள் கேட்கலாம். மனச்சிதைவு நோயின் அறிகுறியாகவும் அவை இருக்கலாம். அந்நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தொடங்குகிறது.

நெதர்லாந்தில் பாட்சி ஹேக் என்னும் பெண், தம் மருத்துவர் மாரியஸ் ரோமிடம், காணாத கடவுளை நம்பும் நீங்கள் நான் மெய்யாகவே கேட்கும் குரல்களை ஏன் நம்பவில்லை என்னும் கருத்துப்படக் கேட்டார். அக்கேள்வி அம்மருத்துவரைச் செவிகொடுக்கச் செய்தது. 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் பேசியபின், குரல் கேட்போர் நூற்றுக்கணக்கில் முன்வந்தனர். அவர்களுள் பலர் குரல்களோடு வாழக் கற்றிருந்தனர். சென்னையையும் அமெரிக்காவையும் கானா நாட்டையும் ஒப்பிட்டு டான்யா லூர்மனும் சென்னை மருத்துவர் பத்மாவதி முதலியோரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சென்னையில் பேட்டி காணப்பட்ட 20 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் உறவினரின் குரல்களைக் கேட்டனர். வீட்டு வேலையைச் செய்யச் சொல்லிக் கண்டிக்கும் பெரியோரின் குரல்களும் அவற்றுள் இருந்தன. ஆகவே, குரல் என்ன சொல்கிறது என்று கேளாமலே அதற்குப் பெயர் சூட்டுவது அறிவுடைமையாகாது.

இதைப் போடிமெட்டுச் சரிவில் வைத்துப் பார்ப்போம். போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரில் இளைஞர் பலர். அவர்களுள் ஒருவனுக்குக் குரல் கேட்டால் எவரிடம் சொல்வான்? கங்காணியிடம் சொன்னால் வேலைக்குக் கள்ளம் என்பார். வீட்டில் சொன்னால் செய்வினை என்பர். பெண்ணாயின், கலியாணம் நின்றுவிடும் என்று வாயை அடைப்பர். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆதலால் அவன் முதலில் தட்டும் கதவு பெரும்பாலும் ஆயருடையதே. அங்கே மூன்று நாள் உபவாச ஜெபம் விதிக்கப்படுமாயின், உறக்கமும் உணவுமின்றி அவன் நிலை மோசமாகும். விசுவாசத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் நோய் திரும்பி வரும். சாட்சி சொல்ல மேடையேற்றினால் அவன் இரகசியம் ஊர்ப்பேச்சாகும்.

சங்கிலிக்கும் நமக்கும் வெகுதூரம் என்று எண்ணலாகாது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடத்தப்பட்ட கொட்டகையில் தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அதை வேற்றுச் சமயத்தாரின் குற்றமென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மருந்தை விலக்கி ஜெபத்தை மட்டும் நிறுத்தும் ஒவ்வோர் ஆலயமும் அக்கொட்டகைக்குச் செல்லும் பாதையில்தான் நிற்கிறது. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து அசுத்த ஆவியைத் துரத்தினாரே என்று சிலர் வினவலாம். துரத்தினார், ஆனால் அம்மனிதனைச் சங்கிலியால் கட்டியவர்கள் ஊரார், ஆண்டவரல்லர். அவர் பெயரைக் கேட்டார். தெளிந்தவனைத் தம்மோடு வைத்து வேடிக்கை காட்டாமல் வீட்டாரிடம் அனுப்பினார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுற்றோரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. நம் இறையியலோ அதைச் சட்டத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எனவே குருமாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியது குரலை வகைப்படுத்தும் கலையன்று, ஏலியின் ஒழுங்கே. வந்தவன் முழுவதும் சொல்லட்டும். குரல் எப்போது தொடங்கியது, என்ன சொல்கிறது, உறக்கம் உண்டா, தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்கிறதா என்று கேட்போம். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அந்த அவசரமில்லாதபோதும், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவனோடு பேருந்தில் ஏறி, சீட்டு வாங்கும் வரிசையில் உடன் நிற்பதும் ஆயர் பணியே. 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். அதை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம். ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை. அவன் விரும்பினால் மருத்துவமனைக்குப் புறப்படுமுன் ஜெபிப்போம். மாத்திரை உண்ணும் நாளெல்லாம் ஜெபிப்போம்.

கண் மங்கிய கிழவராயிருந்தும் ஏலி, நள்ளிரவில் மூன்று முறை எழுப்பப்பட்டபோது பையனை விரட்டவில்லை. அவர் விரட்டியிருந்தால் நான்காம் முறை அவன் எப்படி விடை சொல்வதென்று அறிந்திருக்கமாட்டான். அடுத்த வாலிபர் ஞாயிறன்று சாமுவேலைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, ஏலிக்கும் ஒரு பங்கு நேரம் ஒதுக்குவோமாக. கடைசி வரிசையில் இருப்பவன் அதைக் கேட்டு, ஆராதனை முடிந்தபின் நம்மிடம் வரக்கூடும்.