மெட்டுப் போடும் பிள்ளைகள்

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை தப்பில்லாமல் பாடினால் கைதட்டுகிறோம். ‘ஸ்ருதி கொஞ்சம்கூட விலகல பாருங்க’ என்று பக்கத்து நாற்காலிக்காரர் பூரிப்பார். ஆனால் புதுச்சேரியில் நான் பார்த்த எந்த விழாவிலும் ‘இந்த மெட்டு எட்டாம் வகுப்பு மாணவி போட்டது’ என்று யாரும் மைக்கில் சொல்லிக் கேட்டதில்லை. ஓவியப் போட்டியில் சொந்தமாக வரையச் சொல்கிறோம். கட்டுரைப் போட்டியில் சொந்தமாக எழுதச் சொல்கிறோம். இசைக்கு மட்டும், இருக்கிற பாட்டைத் திருப்பிப் பாடினால் போதும். ஏன் அப்படி?

இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் பழசு. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்தவர் பாரதி. ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில், பொருள் புரியாத பழைய கீர்த்தனங்களையே சபைக்குச் சபை திருப்பிப் பாடும் வித்வான்களைச் சாடுகிறார். பழசைப் படிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் அவருக்கு உறுத்துகிறது. அந்தக் கட்டுரையைத் தமிழிசைக்கான வாதமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். புதுசாக எதுவும் உண்டாக்காத சமூகம் இருக்கிற இசையறிவையும் இழந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன் பாட்டுகள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் தானே குறித்தவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு.

பள்ளிக்குள்ளேயே நடந்த உதாரணமும் இங்கே இருக்கிறது. 1943இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் சுனில் பட்டாச்சார்யா. பள்ளியின் டிசம்பர் ஆண்டு விழாவுக்கு இசையமைத்தவர், 1965 முதல் ஆசிரமத்தின் புத்தாண்டு இசையையும் உருவாக்கினார். மெட்டுப் போட்டவர் ஆசிரியர்தானே, மாணவர் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் தன் விழாவுக்குத் தன்னிடமிருந்தே புது இசை வர வேண்டும் என்று ஒரு பள்ளி நினைத்ததே, அதுதான் முக்கியம். கேட்க ஆள் இருந்தால்தான் இயற்ற ஆள் வரும்.

நாம் எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரிய லிடியன் நாதஸ்வரத்தைப் பாருங்கள். 2019இல் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்ற அமெரிக்கப் போட்டியில் வென்றபோது அவருக்கு 13 வயது. ரிம்ஸ்கி கோர்சகோவின் ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யை 325 பிபிஎம் வேகத்தில் வாசித்த வீடியோவை ஊரே பகிர்ந்தது. அதே பையன் இசையமைத்த ‘பரோஸ்’ 2024இல் வந்தது. அந்த மெட்டுகளைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? வேகத்தை அளக்க எண் இருக்கிறது. கற்பனையை உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

‘சரளி வரிசையே சரியா வரல, அதுக்குள்ள மெட்டா?’ என்பார்கள் பாட்டு டீச்சர்கள். நியாயமான கேள்வி. கர்நாடக சங்கீதத்தில் கல்பனாஸ்வரம் வரை போகவே வருஷங்கள் ஆகும். ஆனால் இலக்கணம் முழுசாகப் படித்த பிறகா பிள்ளை கதை சொல்கிறது? மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களைக் கொடுங்கள், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கொடுங்கள், ஒரே ஒரு வரிக்கு மெட்டுப் போடச் சொல்லுங்கள். எந்த ஸ்வரத்தை எதன் பக்கத்தில் வைத்தாலும் காதில் உறுத்தாது. ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃபும் குழந்தைகளுக்கு ஐந்து ஸ்வரத்தில்தான் தொடங்கினார். பிரிட்டனில் 16 வயதுப் பிள்ளைகளுக்கான ஜிசிஎஸ்இ தேர்வு 1988இல் முதன்முறை நடந்தபோதே, இசைப் பாடத்தில் கேட்பது, வாசிப்பது ஆகியவற்றோடு இயற்றுவதும் சேர்ந்திருந்தது.

முதல் மெட்டு சுமாராகத்தான் இருக்கும், ஏதோ சினிமாப் பாட்டின் சாயல் அடிக்கும். இருக்கட்டும். நம் முதல் கவிதை மட்டும் எப்படி இருந்தது? கடைசி பெஞ்சில் தாளம் தட்டி, வாத்தியார் பேரை வைத்துக் கானா கட்டும் பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம். அந்தப் பள்ளியில் இசையமைக்கிற ஒரே ஆள் அவன்தான். ஆண்டு விழாவில் அவனுக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள், மைக்கில் அவன் பேரையும் சொல்லுங்கள்.