1959: விலைப்பட்டியலில் விட்டுப்போன கிஸ்தி

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். "1959இல் விலைவாசி" என்று தலைப்பு. தங்கம் பவுன் எண்பது ரூபாய், தரை டிக்கெட் நாலணா, இட்லி ஒரு அணா என்று நீளமான பட்டியல். கடைசியில் "அது ஒரு பொற்காலம்" என்று ஒரு வரி. அத்தை, சித்தப்பா, சித்தப்பா மகன்கள் எல்லாரும் வரிசையாக ஆமாம் போட்டார்கள். எனக்குத் தொழில் மென்பொருள். இந்த மாதிரிப் பட்டியலைக் கண்டால் எக்செல்லில் ஏற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது. ஏற்றினேன். அதில் ஆரம்பித்தது ஒரு சினிமாவிலும் ஒரு சிறுகதையிலும் போய் முடிந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் சந்தேகம் அணா. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தாச்சு. ஒரு ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா. பழைய காசும் சில வருஷம் கூடவே புழங்கியது, வாயில் இன்னும் ரொம்ப நாள் புழங்கியது. கணக்குப்படி ஒரு அணா 6.25 பைசா. மாற்று அட்டவணையில் ஒரு அணாவுக்கு 6, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. நாலு இட்லியைத் தனித்தனியாக வாங்கினால் 24, மொத்தமாக வாங்கினால் 25. எங்க தொழிலில் இதுக்கு ரவுண்டிங் பிழை என்று பெயர், இதுக்காக ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். எந்த ஃபார்வர்டிலும் இந்தக் குழப்பத்தின் சுவடே இருக்காது. அணா மட்டும்தான் இருக்கும், ஏன்னா அணா என்றால்தான் பழைய காலம் மணக்கும்.

ரெண்டாவது விஷயம் பெரிசு. விலை இருக்கிறது, கூலி இல்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1950களின் அமெரிக்காவைப் பற்றியும் இதே மாதிரிப் பட்டியல்கள் இணையம் பூராவும் கிடக்கின்றன. 1959இல் அங்கே ஒரு காலன் பெட்ரோல் சுமார் 30 சென்ட். பக்கத்திலேயே கூலியைப் போட்டுப் பார்க்கலாம். அப்போது மத்திய அரசு வைத்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். ஆக ஒரு காலனுக்கு 18 நிமிஷ வேலை. 2009இலிருந்து அந்தக் கூலி 7.25 டாலர். பெட்ரோலை 3 டாலர் என்று குறைச்சே வைத்தாலும் 25 நிமிஷம் ஆகிறது. பெட்ரோல் விஷயத்தில் அவர்கள் ஏக்கத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நம்ம பக்கம் வருவோம். மத்திய அரசு ரெண்டு தடவை விவசாயக் கூலிகளைக் கணக்கெடுத்தது. 1950-51இல் ஆண் கூலியின் ஒரு நாள் சம்பளம் சராசரி 1 ரூபாய் 9 பைசா, பெண்ணுக்கு 68 பைசா. 1956-57இல் ஆணுக்கு 96, பெண்ணுக்கு 59. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. இது இந்தியா முழுமைக்குமான சராசரி. எங்க கரிசல் காட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனா அளவு புரியும். தங்க விலையில் ஃபார்வர்டு பொய் சொல்லவில்லை, எண்பதுக்குப் பக்கம்தான். 59 பைசாவால் வகுத்தால் ஒரு பவுனுக்கு 136 நாள் களையெடுப்பு. நாலணாத் தரை டிக்கெட் ஒரு பெண்ணின் நாள் கூலியில் ஐந்தில் ரெண்டு பங்குக்கும் மேலே.

அந்தத் தரையில் உட்கார்ந்து அப்பா பார்த்த படம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. 1959 மே மாசம் வெளிவந்தது. அப்பாவுக்கு அப்போ ஒன்பது வயசு. எங்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சி. சொந்த ஊர் ராஜாவைப் பற்றிய வண்ணப்படம் வந்திருக்கிறது என்றால் கேட்கவா வேணும், கூலியில் பாதி போனாலும் போகட்டும் என்றுதான் கூட்டிப் போயிருக்கிறார்கள். படத்தை இயக்கியவர் பி.ஆர்.பந்துலு, வசனம் சக்தி கிருஷ்ணசாமி. அதற்கு முன்னாலேயே, 1957இலிருந்து, சிவாஜி இதை நாடகமாக மேடைமேடையாக நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம் படத்தில் தெரியும். ஜாக்சன் துரையோடு மோதும் காட்சியில் மூச்சை எங்கே பிடிக்கணும், எங்கே விடணும் என்பது நூறு ராத்திரி ஒத்திகை பார்த்த ஆளின் கணக்கு. கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கட்டபொம்மன் வீரனா கொள்ளைக்காரனா என்று ம.பொ.சி.யும் தமிழ்வாணனும் புத்தகம் எழுதிச் சண்டை போட்டாச்சு. அதுக்குள்ளே நான் போகவில்லை. என் கேள்வி சின்னது. வரியைப் பற்றி நாம் அதிகம் மனப்பாடம் செய்த வசனம் அது. அதில் வரி கட்டுகிறவன் எங்கே?

துரையைப் பார்த்து வயல் வேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இதில் நீ எதைச் செய்தாய் என்று கேட்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். நல்ல கேள்வி. ஆனா அடுக்குகிற வேலைகளைக் கவனியுங்கள். நாற்று, நடவு, எல்லாம் நஞ்சைச் சங்கதி. எங்க ஊர் மானாவாரிக் கரிசல். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. கம்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல் உண்டு, மத்தபடி மழை பார்த்து விதைச்சுட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பூமி. தஞ்சாவூர்க்காரருக்குப் பொருந்துகிற வேலைப் பட்டியலை பாஞ்சாலங்குறிச்சிக்காரர் பேசுகிறார். சண்டைக் காட்சிகளை எடுத்ததும் ஜெய்ப்பூர்ப் பக்கம். கோட்டையும் அப்படியே. நிஜக்கோட்டை மண் கோட்டை. 1801இல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாளிலேயே சுவரை மறுபடி எழுப்பி வெள்ளைக்காரனைத் திகைக்க வைத்தார்கள் என்றால் அதுக்குக் காரணம் அது எங்க ஊர் மண் என்பதுதான். படத்தில் அந்த மண் எங்கேயும் ஒட்டவில்லை. (இப்போது சுற்றுலா வருகிறவர்கள் பார்க்கிறது 1974இல் அரசாங்கம் கட்டிய நினைவுக்கோட்டை. படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். சின்ன வயசில் எனக்கு அது அவமானமாக இருக்கும்.)

அடுத்தது, அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் யார்? பாளையக்காரர். நவாபுக்குச் சேர வேண்டிய கப்பத்தைப் பாளையக்காரர்களிடம் நேரடியாக வசூலிக்கும் உரிமை 1792 ஒப்பந்தப்படி கம்பெனி கைக்குப் போனது. ராமநாதபுரத்தில் 1798 செப்டம்பரில் நடந்த மோதல் அந்தப் பாக்கியைப் பற்றியது. அதாவது குடியானவனிடம் ஏற்கனவே வாங்கிவிட்ட ஒருவருக்கும், அவரிடமிருந்து வாங்க வந்த இன்னொருவருக்கும் நடந்த தகராறு. இதனால் கயத்தாற்றில் தூக்கில் தொங்கியவரின் துணிச்சல் ஒரு துளியும் குறைந்துபோகாது. ஆனா கம்பு விதைச்சவன் அந்த அறையிலேயே இல்லை. நஷ்டம் பூராவும் அவனுடையது, வசனம் பூராவும் ராஜாவுடையது.

அந்த ஆளைப் பார்க்கணும் என்றால் கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி ரோட்டில் வடக்கே வரணும். இடையில் பிரிகிற ஊர் இடைசெவல். கி.ராஜநாராயணன் ஊர். படம் வந்த அதே சமயத்தில், 1950களின் கடைசியில், அவர் எழுதிய 'கதவு' வந்தது. அதுவும் தீர்வைப் பாக்கியைப் பற்றிய கதைதான். ரெண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைகள் வாசல் கதவில் ஏறி ஆடி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படத்தைக் கதவில் ஒட்டுகிறார்கள். அப்பன் மணிமுத்தாறு பக்கம் கூலி வேலைக்குப் போனவன், தகவல் இல்லை. தலையாரி ஆட்களோடு வந்து தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். கதவு இல்லாத வீட்டுக்குள் வாடைக் காத்து நுழைகிறது, கைக்குழந்தைக்கு முடியாமல் போகிறது. கடைசியில் பிள்ளைகள் அதே கதவை ஊருக்குள்ளேயே, கரையான் ஏறிக் கிடக்கிற நிலையில், கண்டுபிடிக்கிறார்கள்.

தீப்பெட்டிப் படம் இருக்கிறதே, அதை ஒரு விலைப்பட்டியலும் பிடிக்காது. கோவில்பட்டி வட்டாரமே தீப்பெட்டி ஆபீஸ்களால் வாழ்ந்த வட்டாரம். பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கக் காசு கிடையாது, ஆனா ஊரின் தொழில் தெருவில் உதிர்க்கிற படம் இனாம். மணிமுத்தாறும் அப்படித்தான். அந்த வருஷங்களில் அணை எழுந்துகொண்டிருந்தது. நம்ம பாடப்புத்தகத்தில் அது காமராஜர் காலச் சாதனை. கி.ரா. கதையில் அது ஓர் அப்பன் காணாமல் போன திசை. ரெண்டும் உண்மைதான், ரெண்டாவது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

எனக்கு முக்கியமாகப் படுவது கரையான். கதவை எடுத்ததால் அரசாங்கத்துக்கு என்ன வந்தது? கதைப்படி அது சும்மா கிடந்து மக்குகிறது. கரையானுக்குத்தான் லாபம். ஒரு வீட்டுக்கு அத்தனை பெறுமானமுள்ள பொருள், வீட்டை விட்டு வெளியே வந்ததும் வெறும் பலகை. கி.ரா. இதை விளக்கிச் சொல்வதே இல்லை. தலையாரியைத் திட்டுவதும் இல்லை. கொஞ்சம் திட்டியிருக்கலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது உண்டு. திட்டினால் கதை ஜாக்சன் துரை காட்சியாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏன்னா இங்கே வெள்ளைக்காரன் கிடையாது. சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேலே ஆச்சு. ஆனா நிலவரிப் பாக்கிக்கு அசையும் பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் தருகிற வருவாய் மீட்புச் சட்டம் 1864ஆம் வருஷத்தது, விக்டோரியா ராணி காலம். அது அப்படியே நடப்பில் இருந்தது. முன்சீப்பும் கர்ணமும் 1980 வரைக்கும் இருந்தார்கள். கொட்டகையில் கிஸ்தி என்ற வார்த்தைக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்த சனத்துக்கு, மறுநாள் காலையில் அதே வார்த்தை வாசலில் வந்து நின்றது. சென்னை மாகாணத்தில் 1939இலிருந்தே கேளிக்கை வரி வேறு. சினிமா டிக்கெட் என்பதே வழக்கமாக வரி சேர்ந்த விலைதான்.

படத்தின் பெரிய வெற்றியும், என் கணக்கில் அதன் பெரிய குறையும் ஒன்றுதான். கிஸ்தியை அது அந்நியன் கேட்கிற ஒன்றாக, 1799இல் முடிந்துபோன ஒன்றாக ஆக்கிவிட்டது. எங்க அப்பாவே சாட்சி. அந்த வசனத்தைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினார். அது இன்னும் வீட்டில் இருக்கிறது. வீட்டில் இல்லாதது ஆச்சியின் பித்தளை அண்டா. கிஸ்தி கட்ட அடகு வைத்தது, மீட்கவே இல்லை. ரெண்டும் ஒரே வருஷம் என்று அத்தைதான் சொன்னாள். சோப்பு டப்பா கதையை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், அண்டா கதையை ஒரு தடவைகூட சொன்னதில்லை. கேட்டேன்.

"அது வேற, இது வேறல்லா" என்றார்.

பிறகு, அடகு வைத்தது கிஸ்திக்கு இல்லை, பருத்தி விதைக்கு என்றார். அத்தை குழுவிலேயே குரல் பதிவு போட்டாள்: "ஏல, விதைக்கு வச்சது கம்மல். அண்டா கிஸ்திக்கு. பதினெட்டு ரூவா. அம்மா கூட நான்தான் போனேன், ஒனக்கு என்ன தெரியும்." அப்பா பதில் போடவில்லை. எக்செல்லில் ஒரு வரிசை சேர்த்தேன். அண்டா, 18 ரூபாய், பெண் கூலி 59 பைசா. 31 நாள் என்று வந்தது.