நண்பர் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி

பந்தயத்தில் உயர்ந்த வகை, நண்பரின் கணிப்பை எதிர்த்துக் கட்டுவது. முகம் தெரியாத ஆளோடு கட்டும்போது இரண்டு அணிகளைப் படித்தால் போதும். நண்பரோடு என்றால் அவரையும் படிக்க வேண்டும். பழைய கோப்பைகளை நம்புகிறவரா, சட்டை நிறத்தில் மயங்குகிறவரா, போன வாரத்து ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறவரா? மயக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே கட்ட வேண்டும்.

என் சிதம்பரத்து நண்பர் பெயருக்குக் கட்டுகிறவர். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் நெய்மாரும் தியாகோ சில்வாவும் இல்லாத பிரேசிலை எடுத்தார், ஜெர்மனி 7-1. 2022 உலகக் கோப்பையில் முப்பத்தாறு ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினாவை எடுத்தார், சவூதி 2-1. இரண்டிலும் நான் எதிர்ப்பக்கம். ஆனாலும் இவற்றை நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. சவூதியை எடுத்ததில் துணிச்சல் இருந்ததே தவிர ஞானம் இல்லை.

ஞானத்தோடு கட்டியது 2018 பிப்ரவரியில். கட்டாக்கில் தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டம், மணிப்பூரும் தமிழ்நாடும். “மணிப்பூரை எவன்யா அசைக்க முடியும்?” என்றார் நண்பர். கோப்பைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான். அதுவரை தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை. என் பக்கத்துக் காரணம் ஒரே பெயர்: இந்துமதி கதிரேசன். எங்கள் கடலூர்ப் பெண்.

முன்களத்தைப் பார்த்துக் கட்டுவதுதான் பலருக்குப் பழக்கம். நண்பரும் அந்தக் கட்சியே. தமிழ்நாட்டு அணி என்றால் சுமித்ரா காமராஜைத்தான் முதலில் கேட்பார். சுமித்ராவின் கால் வேகத்தில் எனக்கும் குறை கிடையாது. ஆனால் முன்களத்தில் நிற்பவருக்குப் பந்து வந்து சேர வேண்டும். இந்துமதி பந்து இருக்கும் இடத்துக்குத் தானே போவார். நடுக்களத்தில் பந்தை வாங்கித் தலை நிமிர்ந்து பார்த்து, தட்டிவிட்டு, எதிரணி அவரை மறந்த நேரத்தில் பெட்டிக்குள் வந்து நிற்பார். அப்படி ஓர் ஆள் நடுவில் இருக்கும் அணியை, எதிரணியின் பெயரைப் பார்த்துக் கைவிடக் கூடாது. அன்று நந்தினி ஒரு கோல், இந்துமதி ஒரு கோல். 2-1 என்று கோப்பை முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சில், விராட்நகரில் நடந்த தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா நான்கு கோல் போட்டது. இரண்டு இந்துமதியுடையவை. காவல்துறை உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே நாட்டுக்கு ஆடியவர். 2020 ஊரடங்கில் சென்னையில் பணியில் நின்றவர். இந்தக் கடமையுணர்வு அவர் ஆட்டத்திலும் தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

எங்கள் பந்தயத்தில் பணம் கிடையாது. அவர் தோற்றால் நான் சிதம்பரம் போவேன். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் அவர் செலவு. நான் தோற்றால் அவர் கடலூர் வருவார். வஞ்சிரம் வறுவல் என் செலவு. எடுத்த அணிக்கான காரணத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்லாமல் கட்டுவது சூதாட்டம். காரணம் சொல்லிக் கட்டும்போது தோற்றவருக்கும் ஏதோ ஒன்று புரிகிறது.

அந்த ரசனைதான் இப்போது தேய்ந்துவிட்டது. செயலியில் பதினோரு பேரைக் கோத்துப் பணம் கட்டுவதைப் பந்தயம் என்றார்கள். எதிரில் ஆளில்லை, வாதமில்லை. போனது வீட்டுப் பணம். 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெரிய வருத்தம் வேறு. நள்ளிரவில் விழித்திருந்து மான்செஸ்டருக்காக வாதாடும் இளைஞர்களுக்கு, மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் காலையில் ஓடும் பெண்களின் பெயர் தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு பயிற்சியாளர் மாரியப்பன் இந்த ஊர்ப் பெண்களை வைத்துக் கட்டி எழுப்பிய கால்பந்து, தொலைக்காட்சியில் வராததால் பந்தயத்துக்கும் வராமல் போகிறது.

2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவோடு இறுதியாட்டம். இந்த முறை நண்பரே முந்திக்கொண்டு தமிழ்நாட்டை எடுத்துவிட்டார். காரணம் கேட்டேன். நடுக்களம் என்றார். அதற்கு எதிராகக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று பந்தயமே இல்லை. தமிழ்நாடு 2-1 என்று இரண்டாம் முறை வென்றது. ஒரு நண்பரை இத்தனை காலம் எதிர்த்துக் கட்டியதன் பலன் இதுதான் என்பேன்: பெயரை விட்டுவிட்டு அவர் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்.