புனித பேதுரு தேவாலயம், ஃபிர்மினி

புனித பேதுரு தேவாலயம் பிரான்ஸில் செந்த்-எத்தியன் நகருக்கு அருகே ஃபிர்மினி என்னும் ஊரில் உள்ள கான்கிரீட் தேவாலயம். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1960களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். அவர் மறைந்து 41 ஆண்டுகள் கழிந்து, 2006ல் கட்டி முடிக்கப்பட்டது.

கட்டுமான வரலாறு

ஃபிர்மினி நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் கொண்ட தொழிலாளர் ஊர். அதன் மேயர் யூஜின் க்ளோதியஸ்-பெத்தி லெ கொர்புசியேயை அழைத்து, பண்பாட்டு இல்லம், விளையாட்டரங்கம், குடியிருப்பு ஆகியவற்றுடன் தேவாலயத்துக்கும் வரைபடம் கேட்டார். 1965ல் லெ கொர்புசியே இறந்தார். 1971ல் க்ளோதியஸ்-பெத்தி பதவி இழந்தார். 1970களில் தொடங்கிய வேலை, பணமின்றி 1978ல் நின்றது. கூரையில்லாத அடிப்பகுதி மட்டும் கால் நூற்றாண்டு வெயிலிலும் பனியிலும் கிடந்தது. லெ கொர்புசியேயின் உதவியாளராக இருந்த ஹோசே உப்ரெரி பின்னர் பணியைத் தொடர்ந்து முடித்தார்.

அரசு வழிபாட்டுக்குச் செலவிடுவதை 1905ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே பொதுப்பணத்தில் எழுந்த கட்டடத்தின் கீழ்ப்பகுதி காட்சிக்கூடமாக மாறியது. மேலே மட்டுமே வழிபாட்டிடம்.

வடிவம்

சதுர அடித்தளம் மேலே செல்லச் செல்ல வளைந்து, நுனி வெட்டிய கூம்பாகிறது. உயரம் ஏறத்தாழ 33 மீட்டர். சண்டிகர் சட்டமன்றத்தின் கூரைமேல் எழும் கோபுரத்தைக் கண்டவர்களுக்கு இதன் உறவு புரியும். கிழக்குச் சுவரில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வடிவில் சிறு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே வரும் காலை ஒளி உட்சுவரில் அலைகளாக விழுகிறது.

மதிப்பீடு

இது லெ கொர்புசியேயின் படைப்புதானா என்பதே முதன்மையான விவாதம். 2016ல் யுனெஸ்கோ அவருடைய 17 படைப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஃபிர்மினியின் பண்பாட்டு இல்லம் இடம்பெற்றது. தேவாலயம் இடம்பெறவில்லை.

கட்டுமானத்தின்போதே திட்டத்தை மாற்றிக்கொள்பவர் லெ கொர்புசியே. இங்கே அந்த முடிவுகளை எடுத்தவர் உப்ரெரி. எனவே தேவாலயத்தை லெ கொர்புசியேயின் பெயரில் மட்டும் சொல்வது பிழை. போலி என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை. தலைமுறைகள் கடந்து கட்டப்பட்ட பழைய பேராலயங்களை நாம் ஒருவர் பெயரில் அளப்பதில்லை. உள்ளே விழும் ஒளி வரைபடத்தின் நோக்கத்தை நிறைவேற்றுகிறது. ஆனால் வழிபாட்டிடத்துக்குக் கீழே காட்சிக்கூடம் என்னும் பிரிவு, நின்றுபோன ஆண்டுகள் விட்டுச்சென்ற தழும்பு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டடத்துக்கு நியாயம் செய்வது.