மலைபடுகடாமும் மணமுறிவுற்றோரும்

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லை நம் இறையியல் கல்லூரிகள் நாளும் வழங்குகின்றன. அது சங்கப் புலவர் நமக்கு விட்டுச்சென்ற சொல். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், சவ்வாது மலையடிவாரத்துச் செங்கத்தை, அந்நாளைய செங்கண்மாவை, ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. பெருங்கௌசிகனார் பாடிய அதன் 583 அடிகளின் ஒளியில், மணமுறிவுற்று நடுவயதில் மீண்டும் அன்பைத் தேடுவோரைச் சபை நடத்தும் முறையை ஆராய்வோம்.

இப்பாட்டில் வழி கூறுபவன், தானே அவ்வழி நடந்து பரிசில் பெற்று மீண்டவன். நம் சபைகளிலோ மணமுறிவுற்று மறுமணத்தில் ஆறுதல் கண்டோர் பெரும்பாலும் வாய் திறவாதிருக்கின்றனர். அவ்வழி நடவாத நாமே அறிவுரை கூறுகிறோம்.

அவன் இடர்களை மறைப்பதுமில்லை. பன்றிக்கு அமைத்த பொறிகளையும், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கற்களையும், வழுக்கும் பாறைகளையும் முன்னரே உரைக்கிறான். ஆயரும் பிள்ளைகளின் மனக்கலக்கத்தையும், தனிமைத் துயரை அன்பென்று மயங்கும் அபாயத்தையும் மறையாது உரைத்தல் வேண்டும். சட்டத்தின் வரலாறும் அறியத்தக்கது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001இல் திருத்தப்படும் வரை, கிறிஸ்தவத் தம்பதியர் அச்சட்டப்படி பரஸ்பர சம்மதத்தால் பிரிய இயலாது. கணவனின் விபசாரத்தை மட்டுமன்றிக் கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் மனைவியின்மேல் இருந்தது. பலர் நடுவயதில்தான் விடுதலை பெற்றனரெனில், அதனை மனவுறுதியின்மை என்று பழித்தல் தகாது.

நன்னனின் கூத்தர் என்ற அளவிலேயே சிற்றூர்க் கதவுகள் திறக்கின்றன. வந்தோர் தம் சொந்த இல்லம்போல் புகுகின்றனர்; உறவினர்போல் ஊட்டப்பெறுகின்றனர். தகுதி ஆராயப்படுவதில்லை, தலைவனின் பெயரே போதுமானது. யோவான் 4ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணின் ஐந்து மணங்களும் மரணத்தால் முடிந்தனவா, தள்ளுதலால் முடிந்தனவா என்று சுவிசேஷகர் கூறவில்லை. அந்த இடைவெளியை நம் பிரசங்கங்களே பழியால் நிரப்பின. ஆண்டவரோ அவளைப் பற்றி அறிந்திருந்தும், ஜீவத்தண்ணீரைப் பற்றியே முதலில் பேசினார்.

தேவன் இணைத்ததைப் பிரிக்கலாகாது என்ற மத்தேயு 19இன் கட்டளையை நாம் மழுங்கச் செய்யவில்லை. மனைவியைத் தள்ளிவிட நியாயம் தேடிய ஆடவருக்கு விடையாகவே அது உரைக்கப்பட்டது. தள்ளப்பட்டவரைக் காக்க எழுந்த மொழியை, அவரையே அடிக்கும் கோலாக்குதல் முறையன்று.

எனினும் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. மலைச் சிற்றூரில் பலநாள் தங்காது செல்லுமாறு பாட்டே கூறுகிறது. நன்னனும் பரிசில் தந்து விடைகொடுக்கிறான். கூத்தர் எங்கும் விருந்தினரே. மறுமணம் செய்துகொண்டோர் சபைக்கு விருந்தினரல்லர். திருமண நாளில் புன்னகையோடு வாழ்த்திவிட்டு, பின்னர் மாதர் சங்கத்திலும் சபைக் குழுவிலும் அவர்களுக்கு இடம் மறுப்பின், அது ஏற்றுக்கொள்ளுதல் ஆகாது. திருவிருந்தில் அருகே அமர்வதும், அவர்தம் பிள்ளைகளை நம் பிள்ளைகளாக எண்ணுவதும், இத்துயரில் புதிதாக வீழ்ந்தவரை அவர்களிடமே ஆற்றுப்படுத்துவதும் நம் ஆயர்கள் இன்றே தொடங்கத்தக்க பணிகளாம்.