சூரிய வீட்டின் நான்காவது பெண்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டோவர் என்ற ஊரில், 1948இல் ஒரு வீடு கட்டி முடிக்கப்பட்டது. குளிர்காலம் முழுவதும் சூரியனை மட்டுமே நம்பி அதைக் கதகதப்பாக வைத்திருப்பது திட்டம். பெண்ணிய எழுத்துகளில் இந்த வீடு பெரும்பாலும் ‘மூன்று பெண்கள் கட்டிய வீடு’ என்றே அறிமுகமாகிறது. உண்மைதான். வரைந்தவர் கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட். வெப்பத்தைச் சேமிக்கும் ஏற்பாட்டை உருவாக்கியவர், ஹங்கேரியில் பிறந்து எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்துகொண்டிருந்த மரியா டெல்கெஸ். பணம் போட்டவர் சிற்பி அமேலியா பீபாடி.

அறிமுகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது அங்கேயே நின்றுவிடுவதோடுதான் சண்டை. கருத்தரங்குகளில் ‘முதல் பெண்’, ‘மறைக்கப்பட்ட பெண்’ என்று பெயர்களை மீட்டெடுக்கும் கட்டுரைகளை நிறையக் கேட்கிறேன். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் பெயர் கிடைத்ததும் பிரதியை மூடி வைத்துவிடுகிறோம். வீடும் ஒரு பிரதி. கட்டியவர் பெண் என்பதாலேயே அது பெண்ணின் பக்கம் நின்று கட்டப்பட்டதாகிவிடாது.

உள்ளே போய்ப் பார்ப்போம். வீட்டின் மேல்பாதி, தெற்கு பார்த்த முகம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் கறுப்புப் பூசிய உலோகத் தகடுகள். வெயிலில் தகடு சூடாக, அதையொட்டிய காற்று சூடாக, மின்விசிறிகள் அந்தக் காற்றைக் கீழே இருக்கும் அறைகளுக்கு இடையிலான அடைப்புகளுக்குள் தள்ளும். அங்கே உலோகக் கலன்களில் கிளாபர் உப்பு, ஏறக்குறைய 21 டன். இந்த உப்பு 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும்போது நிறைய வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. மறுபடி உறையும்போது அதைத் திருப்பித் தருகிறது. பகலை உப்பில் ஊறவைத்து இரவுக்கு எடுத்துக்கொள்ளும் யோசனை. ஊறுகாய் போடத் தெரிந்த எவருக்கும் இதன் அழகு புரியும்.

அழகு நீடிக்கவில்லை. உருகி உறைந்து, உருகி உறைந்து, உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. கனமானது அடியில் தங்கியது, நீர் மேலே நின்றது. அதன் பிறகு முழுதாக உறைந்து வெப்பம் தர அதனால் முடியவில்லை. கிண்டிவிடாத பாத்திரத்தில் நடப்பதுதான். 21 டன்னை யார் கிண்டுவது? கலன்களும் அரித்து ஒழுகத் தொடங்கின. முதல் இரண்டு குளிர்காலங்களைத் தாக்குப்பிடித்த ஏற்பாடு மூன்றாவதில் தடுமாறியது. 1950களின் நடுவுக்குள் அதை அகற்றிவிட்டு வழக்கமான வெப்ப ஏற்பாட்டுக்கு மாறினார்கள்.

இந்தத் தோல்விக்கு இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. பொறியியல்காரர்கள் உப்பின் வேதியியலைச் சொல்வார்கள். பெண்ணியர்கள் எம்.ஐ.டி.யில் டெல்கெஸுக்கும் சூரிய ஆற்றல் குழுவின் தலைவர் ஹாட்டெலுக்கும் இருந்த பகையைச் சொல்வார்கள். அந்தப் பகையால்தான் பீபாடியின் தனிப்பணம் தேவைப்பட்டது என்பதும் சரி. இரண்டு தரப்பும் உப்பைச் சுற்றியே நிற்கின்றன. அந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது: டெல்கெஸின் உறவினர், அவருடைய மனைவி, அவர்களுடைய சின்னப் பையன். நான் படித்த விவரிப்புகளில் அந்தப் பெண் அனேகமாக ‘மனைவி’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்து போகிறாள். மனை, மனைவி இரண்டும் தமிழில் ஒரே வேர். நம் விமர்சனமோ மனையை மட்டும் வாசிக்கிறது.

வீடு ஒரு சோதனைக்கூடம் என்றால் பகலெல்லாம் அதற்குள் இருப்பவள் யார்? வெப்பம் குறையும்போது குழந்தைக்கு இன்னொரு கம்பளிச் சட்டையைத் தேடுபவள், எட்டிப்பார்க்க வரும் பார்வையாளர்களுக்குக் கதவு திறப்பவள்? அன்றைய அமெரிக்கக் குடும்பத்தின் வேலைப் பிரிவினையை அறிந்தவர்கள் விடையை ஊகிக்கலாம். விறகடுப்பு இருந்திருந்தால் இன்னொரு கட்டையைத் தள்ளியிருக்கலாம். உப்பு வீட்டில் அவள் கைக்கு எட்டியது எதுவுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

வீட்டு வேலையின் தொழில்நுட்ப வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இங்கே எனக்கு உதவுகிறார். 1983இல் வெளிவந்த அவருடைய நூலில் வார்ப்பிரும்பு அடுப்பைப் பற்றி ஒரு வாதம் உண்டு. திறந்த கணப்பைவிட அந்த அடுப்புக்கு விறகு குறைவாகவே போதும். எனவே மிச்சமானது விறகு வெட்டிப் பிளக்கும் உழைப்பு. அது ஆண்களின், பையன்களின் வேலை. பெண்ணின் வேலை குறையவில்லை. ஒரே நேரத்தில் பல பண்டங்களைச் சமைக்க முடிந்ததால் சாப்பாட்டின் வகை கூடியது. தேய்த்து மெருகேற்ற அடுப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டது. எரிபொருள் சிக்கனம் அத்தனையும் நிஜம். யாருடைய ஆற்றல் மிச்சமானது என்பதுதான் கேள்வி. ஆற்றல் என்ற சொல்லை இயற்பியலுக்குத் தாரைவார்த்துக் கொடுத்த பிறகு, உடம்பின் வலு என்ற அதன் இன்னொரு பொருள் கணக்கிலிருந்து நழுவிவிட்டது.

இதே கேள்வியை நம் நாட்டு ஆவணம் ஒன்றின்மேலும் வைக்க வேண்டியிருக்கிறது. குடியிருப்புகளின் ஆற்றல் சிக்கனத்துக்காக 2018இல் வெளியான விதித்தொகுப்பு, ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’. அது நல்ல முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்ததற்காகவே அதைப் பாராட்டலாம். குளிர்ப்பிரதேசங்கள் தவிர்த்த மற்ற இடங்களில் சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெப்பம் என்றால் வெளியிலிருந்து வருவது, வீடு என்றால் அதைத் தடுக்கும் ஓடு. இதுதான் அந்த ஆவணத்தின் அடிப்படைக் கற்பனை.

உள்ளே எரியும் அடுப்பு அந்தக் கற்பனையில் இல்லை. எரிவாயு அடுப்பின் ஒரு பர்னர் முழுத் தீயில் 1,500 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் தரும். பாதி பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 750 வாட். விதி அனுமதிக்கும் உச்ச வரம்பில் 50 சதுர மீட்டர் சுவர் உள்ளே அனுப்பும் வெப்பம் இது. அடுக்குமாடிச் சமையலறை எதற்கும் அவ்வளவு சுவர் கிடையாது. காலையில் இரண்டு பர்னரையும் பற்றவைக்கிறோம்.

காற்றுக்கும் விதி உண்டு. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு, தளப்பரப்பில் 16.66 விழுக்காடாவது இருக்க வேண்டும். இந்த விகிதத்தை மொத்தப் பரப்புக்குத்தான் பார்க்கிறார்கள், அறைவாரியாக அல்ல. ஹாலில் பால்கனிக்குத் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவை வைத்துவிட்டால் எண்ணிக்கை நிறைந்துவிடும். சமையலறைச் சன்னல் எவ்வளவு சிறுத்தாலும் இந்தக் கணக்கு அதைக் கண்டுகொள்ளாது. சமையலறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையோ வாஸ்து பார்த்துக்கொள்கிறது. அக்னி மூலை, தென்கிழக்கு. இட்லிச் சட்டி வேகும் நேரத்து வெயிலும் அங்கேதான்.

வீடு வாங்கப் போகும் மாணவிகள் சில நேரம் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ‘பசுமை வீடு’ என்று மேலே பச்சை எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஹாலில் ஏ.சி. பாயின்ட் குறித்திருப்பார்கள், இரண்டு படுக்கையறைகளிலும் குறித்திருப்பார்கள். சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் இருக்கிற ஒரே சன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு.