ரிச்மண்ட் சீமாட்டி கொடுத்த விருந்து

1815 ஜூன் 15 இரவு, பிரஸ்ஸல்ஸ் நகரில் ரிச்மண்ட் சீமாட்டி ஒரு நடன விருந்து கொடுத்தார். நெப்போலியன் அன்று காலையே எல்லை தாண்டிவிட்டிருந்தான். அவனைத் தடுக்க வேண்டிய வெலிங்டனும் அவருடைய அதிகாரிகள் பலரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். ஆட்டத்துக்கு நடுவே சேதி வந்தது. ஒருவர் பின் ஒருவராக விடைபெற்றார்கள். உடை மாற்ற நேரமின்றி, விருந்துக்குப் போட்ட உடுப்போடு சிலர் மறுநாள் காத்ர் ப்ராவில் சண்டையிட்டதாகச் சொல்வதுண்டு. விருந்துக்கு வந்திருந்த பிரன்ஸ்விக் பிரபு அங்கே மடிந்தார். அதற்கும் இரண்டு நாள் கழித்து வாட்டர்லூ.

வாசகருக்கு எல்லாம் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. கதை எழுதுகிறவருக்கு இப்படி ஓர் இடம் எளிதில் வாய்க்காது. ஆபத்தும் அதில்தான். நடனத்தையும் சாவையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும் என்று தோன்றிவிடும். தேர்ந்த கைகள் அந்தக் கூடத்திலிருந்து எதைப் பொறுக்கி எடுத்தன என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

பைரன் அந்த விருந்தில் இல்லை. மறு ஆண்டு போர்க்களத்தை நேரில் பார்த்தபின் ‘சைல்டு ஹெரால்டு’ காவியத்தின் மூன்றாம் காண்டத்தில் அதைப் பாடினார். உண்மையில் விருந்து நடந்தது ஒரு வண்டித் தொழிலதிபரிடம் வாடகைக்கு எடுத்த வீட்டில். கூடத்துச் சுவரில் ரோஜாக்கொடி போட்ட காகிதம் ஒட்டியிருந்ததாகச் சீமாட்டியின் மகள் நினைவுகூர்ந்திருக்கிறார். பைரன் அதை ஓங்கிய மண்டபமாக்கிவிட்டார். தூதர் கொண்டுவந்த சேதிக்குப் பதிலாகப் பீரங்கி முழக்கத்தை வைத்தார். முதல் முறை கேட்கும்போது, காற்றாக இருக்கும், தெருவில் வண்டி போகும் என்று ஆட்டம் தொடர்கிறது. மறுபடியும் அதே ஒலி. பிரன்ஸ்விக் பிரபுவுக்கு மட்டும் அது இன்னதென்று புரிகிறது. அவருடைய தந்தையும் பிரெஞ்சுக்காரரோடு நடந்த போரில் இறந்தவர். வரலாற்றை மீறிய கற்பனைதான். ஆனாலும் படிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு தாக்கரேதான் ஒரு படி மேல். அந்த விருந்து நடந்தபோது அவர் கல்கத்தாவில் மூன்று வயதுக் குழந்தை. 1847-48இல் தொடராக வந்த ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில் அவர் இந்த இரவைச் சிறிதாக்கிக் காட்டுகிறார். கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன ஜார்ஜ், மனைவி அமீலியாவைக் கூடத்தில் ஒரு மூலையில் தனியே விட்டுவிட்டு, அவளுடைய தோழி பெக்கியின் பூச்செண்டுக்குள் ஒரு சீட்டைச் செருகிவைக்கிறான். அவள் கண்டும் காணாததுபோல் எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். சற்று நேரத்தில் படை புறப்படும் சேதியோடு நண்பன் டாபின் வந்து நிற்கிறான். போரைத் தாக்கரே விரித்து வருணிப்பதில்லை. ஜார்ஜ் இறந்ததை அத்தியாயத்தின் கடைசியில் ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

சீட்டில் என்ன இருந்தது என்று அப்போது நமக்குச் சொல்வதில்லை. பக்கங்கள் நூற்றுக்கணக்கில் கடக்கின்றன, கதைக்குள் ஆண்டுகள் ஓடுகின்றன. செத்த கணவனைச் சாமியாகக் கும்பிட்டு, டாபினின் அன்பை ஏற்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அமீலியாவிடம், நாவல் முடியும் தறுவாயில் பெக்கி அதை எடுத்து நீட்டுகிறாள். தன்னோடு ஓடி வரும்படி ஜார்ஜ் அவளை அழைத்திருக்கிறான்.